உஷார்! கவட்டைக்குள் நோகிறதா? சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

விடியப்புறம் எழும்பும்போது நாரி இறுகிக் கிடக்கிறதா? கட்டிலால் இறங்கி முதல் நாலு அடி வைக்கக் கவட்டைக்குள் நோகிறதா? முற்றம் கூட்டி, கிணற்றடிக்குப் போய்வந்து, தேத்தண்ணி குடித்து முடிய அந்த நோ மெல்லக் குறைகிறதா? கொஞ்சம் ஆறி இருந்துவிட்டு எழும்பினால் திரும்பவும் பிடிக்கிறதா? மூன்று மாதத்துக்கு மேலாக இப்படியே இழுபடுகிறதா?

அப்படியென்றால் உஷார்! சுளுக்கு மூன்று மாதம் நிற்காது. சுளுக்கிய இடம் ஓய்வெடுத்தால் சுகப்படும், வேலை செய்தால் நோகும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. இடுப்பு மூட்டிலோ அதற்கு அண்டிய மூட்டிலோ அழற்சி இருக்கக்கூடும். நோயைக் கண்டுபிடிக்காமல் நோவை மட்டும் அடக்கிக்கொண்டு இருந்தால் சில வருடங்களில் மூட்டே அழிந்துபோகலாம். அழிந்த மூட்டை எந்த மருந்தும் திருப்பித் தராது.

காரணம் கையில் இருப்பதுதான் ஆபத்து

யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் உடம்பால் உழைக்கிற ஊர். சந்தைக்கு விடிய முன்னமே தேங்காய் மூட்டையும் பலாப்பழமும் மாங்காய்ப் பெட்டியும் ஏற்றி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அலவாங்கை நட்டுவைத்து நாள் முழுக்கத் தேங்காய் உரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரணி, மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் வயலில் குனிந்த முதுகு நிமிராமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக் கவட்டைக்குள் நோ வந்தால், "பாரம் தூக்கினது, பிடிச்சிட்டுது" என்று ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும்.

இருபத்திரண்டு வயதுப் பெடியன் என்றால் "மோட்டார் சைக்கிள் ஓடி ஓடித்தான் நாரி போச்சு" என்பார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண் என்றால் "பிள்ளை பெத்த உடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் "வயசு போகுதெல்லே" என்பார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அந்தக் காரணத்தை நம்பி ஒத்தணமும் எண்ணெயும் ஊசியுமாக வருடங்கள் ஓடிவிடுகின்றன. உலக அளவிலும் இதே கதைதான். முள்ளந்தண்டையும் இடுப்பையும் பிடிக்கிற அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்ற வாதத்துக்கு, நோ தொடங்கிய நாளிலிருந்து நோயின் பெயர் தெரியவர சராசரியாக ஏழு வருடம் அளவில் பிடிக்கிறது. அந்த ஏழு வருடமும் மூட்டு அழிவதற்குக் கிடைத்த காலம்.

இடுப்பு மூட்டு நோகிற இடம் இடுப்பு இல்லை

"இடுப்பு நோகுது" என்று நாங்கள் சொன்னால் கை பின்னுக்கு நாரிக்கோ பக்கத்து எலும்புக்கோதான் போகும். ஆனால் உண்மையான இடுப்பு மூட்டு உடம்பின் ஆழத்தில், கவட்டைக்கு நேரே உள்ளே இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் பொருந்தி நிற்கிற மூட்டு அது. ஆகவே அந்த மூட்டு கெட்டால் நோ முக்கியமாகக் கவட்டையில், தொடையின் முன்பக்கத்தில் தெரியும். சிலருக்குத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் மட்டும் நோகும். முழங்காலை எத்தனை முறை எக்ஸ்றே எடுத்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. குற்றவாளி ஒரு முழம் மேலே இருக்கிறான்.

பிட்டத்தின் ஆழத்தில், ஒருநாள் இடப்பக்கம் மறுநாள் வலப்பக்கம் என்று மாறி மாறி நோகிறதென்றால், முள்ளந்தண்டும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் அழற்சி இருக்கலாம். தொடையின் வெளிப்பக்க எலும்பில், அந்தப் பக்கம் சரிந்து படுக்க நோகிறதென்றால் அது பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே உள்ள தசைநாரின் தொல்லை. வைத்தியரிடம் "இடுப்பு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஒற்றை விரலால் இடத்தைக் காட்டுங்கள். பாதிப் பரிசோதனை அதோடு முடிந்துவிடும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. மல்லாக்காகப் படுத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, வீட்டார் ஒருவர் பாதத்தைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கட்டும். மற்றக் கால் திரும்புகிற அளவுக்கு இந்தக் கால் திரும்பாவிட்டாலோ, திருப்பும்போது கவட்டைக்குள் நொந்தாலோ இடுப்பு மூட்டில் சந்தேகம் வைக்கவேண்டும். இடுப்பு மாற்று சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் விழுந்து அடிபட்டவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். முதலில் கெட்டுப்போவது சின்னச் சின்ன அசைவுகள். கோயிலில் சப்பாணி கட்டி இருக்க ஒரு முழங்கால் மட்டும் மேலே தூக்கி நிற்கும். திருவலையில் குந்தித் தேங்காய் திருவ ஏலாது. கால் நகம் வெட்ட எட்டாது. மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போடவும், பஸ்ஸின் முதல் படியில் ஏறவும் கவட்டை மறிக்கும். இவற்றை "உடம்பு வளையுதில்லை" என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள்.

யாருக்கு வரும்?

மூட்டு தேய்கிற வாதம் வேறு, அழற்சி வாதம் வேறு. தேய்மானம் பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வரும், வேலை செய்ய நோகும், ஆறினால் குறையும். அழற்சி வாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டைத் தாக்குகிறது. காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கம் இருக்கும், இரவின் பிற்பாதியில் நோ எழுப்பிவிடும், நடமாடினால் இளகும். மூட்டு ஏற்கெனவே கெட்டிருந்தால் நடந்தாலும் நோகும். அப்போது இந்த வேறுபாடு மங்கிவிடும், அதனால்தான் நேரத்தோடு கவனிக்கச் சொல்கிறோம்.

அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாக வருவது அரிது. இந்த நோய் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது இடுப்பு மூட்டும் பாதிக்கப்படுகிறது, அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கே நடமாட்டம் வேகமாகக் குறைகிறது. முடக்குவாதம் பெண்களை ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும். அது முதலில் கைவிரல் மூட்டுகளில் தொடங்கினாலும் நாள்பட இடுப்புக்கும் வரும். சொறியாசிஸ் என்ற செதில் தோல் நோய் உள்ளவர்களுக்கும், குடலில் நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கும், வயிற்றோட்டத்துக்கோ சலவழித் தொற்றுக்கோ பிறகு சிலருக்கும் ஸ்பொண்டிலைற்றிஸ் இனத்து வாதம் வரலாம். தோலில் செதில், கண் சிவந்து நோதல், குதிக்காலில் விடியக் குத்துதல் ஆகியவற்றில் ஒன்று கவட்டை நோவோடு சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலக்கிறது.

"நல்ல திடகாத்திரமான பெடியன், அவனுக்கு என்ன வாதம்?" என்று கேட்காதீர்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த மைக்கேல் அதர்ட்டனுக்கு இந்த அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் இருந்தது. 1995இல் ஜோகன்னஸ்பேர்க்கில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் துடுப்பெடுத்தாடி, ஆட்டமிழக்காமல் 185 ஓட்டங்கள் எடுத்துத் தோல்வியிலிருந்து அணியைக் காப்பாற்றியவர் அவர். 115 டெஸ்ட் போட்டிகள் விளையாடியவர் 2001இல் 33 வயதில் ஓய்வு பெற்றார். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவருக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது, பக்கத்தில் வைத்தியர்கள் இருந்தார்கள். எங்கள் பெடியளுக்கு அந்தப் பெயரே தெரியாமல் இருப்பதுதான் கவலை.

பெயர் இல்லாத குளிசைப் பை

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. எங்கள் வீடுகளில் சாமி அறைத் தட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலேயோ ஒரு சின்னக் கடதாசிப் பை கிடக்கும். அதற்குள் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, றோசில் ஒரு சின்னக் குளிசை. மேலே பேனையால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது, அளவு இருக்காது. "நோவுக்கு நல்ல குளிசை, இரண்டு நாளில் நோ பறந்திடும்" என்று அயலட்டையில் ஒருவர் சொல்லி, இன்னொருவர் வாங்கி, மூன்றாமவர் பாதியை இரவல் எடுத்திருப்பார்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கலாம்? ஒன்று டைக்குளோபெனக் அல்லது அந்த இனத்து நோ மருந்து. இன்னொன்று ஒமிப்ரசோல் போல வயிற்றுக்கான குளிசை. அந்தச் சின்ன றோஸ் குளிசை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டாகவும் இருக்கலாம். எது எது என்று தெரியாமல் விழுங்குகிற ஆள், தான் எதை மாதக்கணக்காக எடுக்கிறோம் என்று வைத்தியரிடம் சொல்லவும் முடியாமல் நிற்கிறார்.

டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்றவை கெட்ட மருந்துகள் இல்லை. அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸுக்கு வைத்தியர் முதலில் எழுதிக்கொடுப்பதே இந்த இனத்து மருந்தைத்தான். ஆனால் கண்காணிப்பு இல்லாமல் நாள்பட எடுத்தால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும், இருதயத்துக்கும் ஆபத்து கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நீரிழிவு, பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாக வாங்கவே கூடாது. இரண்டு கடையில் இரண்டு பெயரில் ஒரே இனத்து மருந்தை வாங்கி ஒன்றாக விழுங்குவது அதைவிட மோசம்.

வெயிலில் தோட்டத்தில் நின்று, தண்ணீர் காணாமல் வந்து, வெறும் வயிற்றில் இந்தக் குளிசையைப் போடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்டீரொயிட்: நோவை அடக்கும், எலும்பைக் கொல்லும்

1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், முடக்குவாதத்தால் படுத்தபடுக்கையாய் இருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950இல் ஹென்ச் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாள்பட எடுத்தவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது, சீனி ஏறியது, தொற்றுகள் பிடித்தன. அன்றிலிருந்து நல்ல வைத்தியர்கள் இந்த மருந்தை எவ்வளவு குறைவாக, எவ்வளவு குறுகிய காலத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள்.

இடுப்பு நோ உள்ளவர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் அறியவேண்டும். ஸ்டீரொயிட் அளவு மிஞ்சினால் தொடை எலும்பின் தலைக்குப் போகிற இரத்தம் தடைப்பட்டு, அந்த எலும்புத் தலையே செத்துப்போகலாம். பிறகு அது நொருங்கி அமர்ந்துவிடும். அதன் முதல் அடையாளமும் கவட்டை நோதான்! ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கானில்தான் தெரியும். கவட்டை நோவுக்கு ஸ்டீரொயிட் எடுத்து, அதனால் எலும்பு செத்து, அந்த நோவை அடக்க இன்னும் ஸ்டீரொயிட் எடுக்கிற சுழிக்குள் ஒருவர் அகப்பட்டால், இளம் வயதிலேயே இடுப்பு மாற்று சத்திரசிகிச்சை வரை போய்நிற்கவேண்டிவரும்.

நோ அடங்கினால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கள்ளன் வளவுக்குள் நிற்கக் குரைக்கிற நாயை அடித்துக் கலைக்கிற வேலை அது.

எந்தப் பையில் ஸ்டீரொயிட் இருக்கிறது என்று எப்படிச் சந்தேகிப்பது? முதல் குளிசையோடு அல்லது ஒரே ஊசியோடு வருடக்கணக்கான நோ மாயமாய் மறைகிறது. விட்ட உடனே இரட்டிப்பாகத் திரும்புகிறது. பசி கூடுகிறது, முகம் உருண்டு வருகிறது, தோல் மெலிந்து சும்மா தட்டினாலும் கண்டுகிறது, சீனியும் பிரஷரும் ஏறுகின்றன. நாட்டு மருந்து என்ற பெயரில் பெயரும் பதிவும் இல்லாமல் விற்கிற சில பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீரொயிட் கலந்திருந்தது உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக இதை எடுக்கவேண்டாம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது. அங்கே படித்துப் பதிவுபெற்ற வைத்தியரிடம் போவது ஒன்று, சந்தியில் பெயரில்லாத போத்தலை வாங்குவது வேறொன்று.

ஆனால் ஒரு கவனம். மூன்று கிழமைக்கு மேல் ஸ்டீரொயிட் எடுத்தவர்கள் இதை வாசித்துவிட்டுப் பயந்து திடீரென்று நிறுத்தக்கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென விட்டால் தலைசுற்றி, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். பையோடு வைத்தியரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

"இரத்தத்தில் வாதம் இல்லை" என்ற பொய் ஆறுதல்

ஒரு இரத்தப் பரிசோதனை செய்து "வாதம் இல்லை" என்று துண்டில் வந்தால் நிம்மதிப்பட்டு இருந்துவிடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் செய்யப்படுவது ருமட்டொயிட் காரணி என்ற பரிசோதனை. அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் உள்ளவர்களுக்கு அது வழமையாகவே இல்லை என்றுதான் வரும். முடக்குவாதம் உள்ள சிலருக்கும் இல்லை என்று வரும். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் கூட ஸ்பொண்டிலைற்றிஸ் நோயாளர் பலருக்குச் சாதாரணமாக இருக்கும். எக்ஸ்றேயில் மாற்றம் தெரிய வருடங்கள் எடுக்கும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுப் பரிசோதனை உதவும், ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வராது. ஆகவே ஒற்றைத் துண்டை வைத்து யாரும் முடிவு கட்டமுடியாது. உங்கள் கதையைக் கேட்டு, மூட்டைத் தொட்டு அசைத்துப் பார்த்து, பரிசோதனைகளையும் சேர்த்து எடைபோடுகிற வைத்தியர்தான் தேவை.

சிகிச்சை தொடங்கியவர்களுக்கும் உஷார்!

மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும்! முடக்குவாதத்துக்கு இந்த மருந்து பெரிய கொடை. ஆனால் தவறுதலாக நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை பழுதாகி, வாய் வெந்து, உயிரே போகலாம். இப்படியான சாவுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிழமையில் ஒரு நாளைத் தெரிந்து, நாட்காட்டியில் வட்டம் போட்டு, அந்த நாளிலேயே எடுங்கள். வயது போனவர்களுக்கு வீட்டில் ஒருவர் எண்ணிக் கொடுக்கவேண்டும். போலிக் அசிட்டை வைத்தியர் சொன்ன வேறு நாளில் எடுங்கள். சொன்ன தவணைக்கு இரத்தம் பரிசோதியுங்கள். கள்ளும் சாராயமும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஈரல் கெடும். கர்ப்பமாக உள்ளவர்களும் பிள்ளைக்கு எண்ணியிருப்பவர்களும் இதை எடுக்கக்கூடாது, கலியாணம் நிச்சயமான பிள்ளைகள் கூச்சப்படாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

காய்ச்சல் வந்தால் டைக்குளோபெனக் வேண்டாம்! ஐப்பசி, கார்த்திகை மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்கும். டெங்குக் காய்ச்சலில் டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் எடுத்தால் இரத்தக் கசிவு ஆபத்தாகும். மூட்டு நோவுக்கென்று வழமையாக இவற்றை எடுப்பவர்கள் காய்ச்சல் தொடங்கிய உடனே நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் அதை என்ன செய்வதென்று அவரிடமே கேளுங்கள். பனடோல் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்குள். 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதையும் மறக்கவேண்டாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வாத மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் என்றால், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருப்பது கூடாது.

நோவோடு நாளைக் கொண்டுபோக

சரியான மருந்து தொடங்கினாலும் அது வேலை செய்யக் கிழமைகள், சில வேளை மாதங்கள் எடுக்கும். அதுவரை வீட்டில் செய்யவேண்டியவை உண்டு.

படுத்தே கிடக்காதீர்கள். அழற்சி வாதத்துக்கு ஓய்வு அளவோடு, அசைவு நாளாந்தம். விடிய எழும்பு முன் கட்டிலில் கிடந்தபடியே முழங்காலை மடக்கி நீட்டி இடுப்பை இளக்குங்கள். இளஞ்சூட்டு நீரில் குளிப்பதும் ஒத்தணம் பிடிப்பதும் இறுக்கத்தைக் குறைக்கும். ஆனால் இடுப்பை முறுக்கி இழுத்துச் சொடக்கு எடுக்க எவரிடமும் கொடுக்காதீர்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு இறுகியவர்களுக்கும் அது முறிவில் முடியும்.

காலையும் மாலையும் பத்து, பதினைந்து நிமிடம் குப்புறப் படுங்கள். இடுப்பு மடிந்தபடியே இறுகிப்போகாமல் இது காக்கும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருந்தாலும் நாள்பட இடுப்பை மடக்கியே வைத்துவிடும்.

ஊன்றுதடியை நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலக் கவட்டை நோகிறதென்றால் இடக்கையில். பெரும்பாலானோர் மாறிப் பிடித்து, மூட்டுக்கு இன்னும் பாரம் கொடுக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம்தான் தடிக்குச் சரியான உயரம்.

குந்துவதையும் தாழ்ந்த இருக்கைகளையும் குறையுங்கள். மலசலகூடத்தில் இருக்கை போடுவதோ கதிரைக் கொமட் வாங்குவதோ ஆடம்பரம் இல்லை. திருவலையை மேசையில் பூட்டுகிறதாக மாற்றுங்கள். சிகரெட், பீடி, சுருட்டை விடுங்கள். புகைத்தல் இந்த வாதங்களை மோசமாக்குகிறது, மருந்தின் பலனையும் குறைக்கிறது.

சொல்லக் கூச்சப்படுகிற இடம்

கவட்டையில் நோ என்றால் வாய் திறக்கக் கூச்சம் வருகிறது. பெண்கள் "நாரி உளையுது" என்று மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறார்கள். வைத்தியர் நாரிக்கு மருந்து தருகிறார், இடுப்பு மூட்டு கவனிக்கப்படாமல் போகிறது. தாம்பத்தியம் நோவால் கெடுவதைக் கணவனும் மனைவியும் ஆளுக்காள் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். அவர் விலகிப் போகிறார் என்று இவர் நினைக்க, இவர் விலகிப் போகிறார் என்று அவர் நினைக்கிறார். இது வெட்கப்படவேண்டிய விடயம் இல்லை, மூட்டு நோய். பெண் வைத்தியரைக் கேட்கலாம், தாயையோ சகோதரியையோ கூட்டிப் போகலாம். வீட்டிலுள்ளவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். விடிய எழும்ப ஏலாமல் கிடக்கிற மருமகள் சோம்பேறி இல்லை. காலையில் நொண்டிவிட்டு மத்தியானம் ஓடித்திரிகிற பெடியன் நடிக்கவில்லை. இந்த நோயின் இயல்பே அதுதான்.

இவை கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி

காய்ச்சலோடு இடுப்பு நோ, கால் ஊன்ற ஏலவில்லை: மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஒரு நாள் தாமதமும் மூட்டை அழிக்கும். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் மறைந்தே இருக்கலாம்.

பிள்ளை நொண்டுகிறது, காலை ஊன்ற மறுக்கிறது: முழங்காலைக் காட்டி அழுதாலும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுந்த பிறகு கவட்டை நோ, கால் குறுகி வெளியே திரும்பிக் கிடக்கிறது: எலும்பு முறிவு. எண்ணெய் போட்டு உருவவேண்டாம்.

கவட்டையில் கட்டி, அழுத்தினாலும் உள்ளே போகாமல் நோகிறது, சத்தி வருகிறது: குடல் இறக்கம் நெரிபட்டிருக்கலாம்.

பெடியனுக்குத் திடீரென்று கவட்டையோடு விதையும் கடுமையாக நோகிறது: விதை முறுகியிருக்கலாம். சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை வேண்டும்.

சலம் போகவில்லை அல்லது தெரியாமல் போகிறது, கவட்டைச் சுற்று விறைக்கிறது, கால்கள் பலமிழக்கின்றன: முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறது.

கண் சிவந்து நோகிறது, வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது: ஸ்பொண்டிலைற்றிஸோடு வருகிற கண் அழற்சி. கடையில் துளிமருந்து வாங்கி விடாதீர்கள், பார்வை போகும்.

ஓட்டோ பிடிக்க முடியாத நிலை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

அவசரம் இல்லாத, ஆனால் மூன்று மாதம் தாண்டிய நோவுக்கு வழி இலகு. ஏ9 வீதியால் பஸ் ஏறினால் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை. வரணிப் பக்கத்தவர்களுக்கு மந்திகை ஆதார வைத்தியசாலையும் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, "மூன்று மாதமாக விடிய இறுகுது, நடக்க இளகுது, நோ கவட்டைக்குள்" என்று இந்த மூன்றையும் சொல்லி, யாழ் போதனா வைத்தியசாலையின் மூட்டுவாத நோய்க் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இந்த நாட்டில் அரச வைத்தியம் இலவசம், அதை வாங்காமல் பெயரில்லாத குளிசைக்குக் காசு கொடுக்கிற நிலை எங்களுக்கு வேண்டாம்.

போகும்போது வீட்டில் கிடக்கிற எல்லாக் குளிசைப் பைகளையும், எண்ணெய், பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்றேயும் இரத்தத் துண்டுகளும் கொப்பியும் கையில் இருக்கட்டும். தாய், தகப்பன், சகோதரங்களில் யாருக்கேனும் முதுகு வளைந்திருந்ததா, செதில் தோல் நோய் இருந்ததா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு தவணை தவறினால் கிளினிக்கையே விட்டுவிடாதீர்கள், அடுத்த நாளுக்குத் திரும்பப் போங்கள்.

மூட்டு அழிய முன் பிடித்தால் இந்த வாதங்களை இன்றைய மருந்துகளால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். வேலை செய்யலாம், கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், தேங்காயும் உரிக்கலாம். பிந்தினால் மிஞ்சுவது கத்தி வைக்கிற வழி மட்டும்தான். உங்கள் வீட்டில் விடிய நொண்டி எழும்புகிற ஒருவர் இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய குளிசைப் பையை இன்றைக்கே திறந்து பாருங்கள். நாளைக்கே சாவகச்சேரிக்கு அவரோடு சேர்ந்து பஸ் ஏறுங்கள்.